மூளை தன்னைத் தானே திருத்தி எழுதுகிறதா?

மணிக்கட்டின் உட்புறத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே, நடு நரம்பு ஓடுகின்றது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கத் தொடுவுணர்வு முழுவதும் இதன் வழியாகவே மூளைக்குச் செல்கின்றது. உடைந்த சன்னல் கண்ணாடியில் கை பட்டு ஒருவருக்கு இந்நரம்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரைக் காட்டிலும் மெல்லிய இழையால் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார். வெட்டுவாய்க்கு அப்பால் உள்ள நரம்பிழைகள் அழிந்துபோகின்றன. இப்பாலிருந்து புதிய இழைகள் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து, பழைய உறைக்குழாய்களின் வழியே விரல்நுனியை நோக்கிச் செல்கின்றன. ஐந்தாறு மாதங்களில் விரல்களில் மெல்ல உணர்ச்சி தலைகாட்டுகின்றது.

எல்லாம் நலமாக முடிந்ததா? இல்லை. கட்டைவிரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டாற்போல் இருக்கிறது. சட்டைப் பைக்குள் கையை விட்டால், அகப்பட்டது நாணயமா பொத்தானா என்று பாராமல் சொல்ல முடிவதில்லை. காரணம் எளிது. ஆயிரக்கணக்கான இழைகளில் எந்த இழை எந்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும் என்பதை எத்துணை கைதேர்ந்த மருத்துவராலும் தீர்மானிக்க இயலாது. கட்டைவிரலுக்குரிய இழை நடுவிரலைச் சென்றடைகிறது. நடுவிரலுக்குரியது வேறெங்கோ போய்ச் சேர்கிறது.

இந்தக் குழப்பத்தை மூளை தானாகவே சீர்செய்துகொள்ளுமா? இதுவே நம் கேள்வி. மக்களுக்காக எழுதப்பட்ட மூளை நூல்கள் பல, "செய்துகொள்ளும்" என்றே விடை சொல்லி வந்துள்ளன. மூளை தன் வரைபடத்தை அழித்து எழுத வல்லது என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவற்றுள் முதன்மையான ஒன்று, 1998-இல் வெளிவந்த 'ஃபேண்டம்ஸ் இன் தி பிரெய்ன்' என்னும் நூல். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீ என்ற எழுத்தாளருடன் சேர்ந்து எழுதியது. அந்நூலின் தொடக்க இயல்களில் உள்ள இக்கருத்தை இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

நூலின் சிறப்பு

கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1930-களில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப்புறணியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, உடலின் எந்தப் பகுதிக்கு மூளையில் எந்த இடம் என்று வரைபடம் தீட்டினார். அதில் ஒரு விந்தை. உடலில் முகமும் கையும் விலகி இருக்கின்றன. மூளையிலோ கைக்குரிய இடத்தை ஒட்டியே முகத்திற்குரிய இடம் அமைந்திருக்கிறது.

ராமச்சந்திரன் இதைக் கொண்டு ஒரு புதிரை விடுவிக்க முயன்றார். கையை இழந்த இளைஞர் ஒருவரின் கண்களை மூடச் செய்து, கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். கன்னத்தில் மட்டுமன்றி, இல்லாத கட்டைவிரலிலும் தொடுவதாக அந்த இளைஞர் சொன்னார். மேலுதட்டைத் தொட்டபோது இல்லாத ஆள்காட்டி விரல் விழித்துக்கொண்டது. கையிலிருந்து செய்தி வராததால் மூளையில் கைக்குரிய இடம் காலியாகிவிட்டது. பக்கத்திலிருந்த முகம் அதில் குடியேறிவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம்.

ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு கண்ணாடி, சில கேள்விகள். கோடிக்கணக்கில் பணம் கொட்டி வாங்கிய கருவிகள் எவையுமில்லாமல் மூளையைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று இந்நூல் காட்டியது. கையிழந்தவர்கள் சொல்லும் மாயக் கையின் வலியை மனப்பிரமை என்று ஒதுக்கிய காலத்தில், அதை ஆராயத்தக்க உண்மையாக நம்முன் வைத்தது. இந்தப் பெருமைகளை எவரும் மறுக்க முடியாது. வினா அந்த விளக்கத்தைப் பற்றியது மட்டுமே.

எலிகளும் குரங்குகளும்

நரம்பைத் தைத்த பின் மூளை மாறுகிறதா என்னும் வழக்கு இந்நூலுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1940-களில் அமெரிக்காவின் ரோஜர் ஸ்பெரி, எலிகளின் பின்னங்காலை மடக்கும் தசைக்கும் நீட்டும் தசைக்கும் செல்லும் நரம்புகளை இடம் மாற்றித் தைத்தார். நரம்புகள் வளர்ந்தன, தசைகள் உயிர்பெற்றன. ஆனால் எலி காலை நீட்ட எண்ணியபோது கால் மடங்கியது; மடக்க எண்ணியபோது நீண்டது. மாதங்கள் பல சென்றும் எலி திருந்தவில்லை. அறுவைக்குப் பின் மூளை தானே ஒழுங்குபடுத்திக் கொள்ளும் என்று அதுவரை பலர் நம்பி வந்ததை, ஸ்பெரி 1945-இல் ஒரு நீண்ட ஆய்வுரையில் கடுமையாக மறுத்தார். 1981-இல் வேறொரு மூளை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர்.

ஊசல் ஒரு பக்கம் சென்றால் மறுபக்கம் திரும்புவது இயல்பு. 1983-இல் மைக்கேல் மெர்செனிச், ஜான் காஸ் முதலியோர் குரங்குகளின் நடு நரம்பை அறுத்து, மீண்டும் இணைய விடாமல் வைத்தனர். மூளையில் அந்நரம்புக்குரிய இடம் மெளனமாகிவிடவில்லை. கையின் மற்றப் பகுதிகளைத் தொட்டால் அந்த இடம் பதில் தந்தது. அந்தப் பதில்களில் சில உடனேயே தோன்றின. சில வாரக்கணக்கில் பரவின. 1991-இல் டிம் பான்ஸ் குழுவினர், ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு முன்பே கையின் உணர்வு நரம்பு வேர்கள் துண்டிக்கப்பட்ட குரங்குகளின் மூளையை ஆராய்ந்து, கைக்குரிய இடம் முழுவதும், 10 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில், முகத்தைத் தொட்டால் பதில் தருவதாக அறிவித்தனர். ராமச்சந்திரன் தம் விளக்கத்தை இந்த முடிவின் மீதுதான் கட்டினார்.

இதே காலத்தில் நடந்த மற்றொரு சோதனை பொதுமக்களிடம் அவ்வளவாகச் சென்று சேரவில்லை. நம் கேள்விக்கு நேரான விடை அதில்தான் இருக்கின்றது. ஜான் வால், காஸ் முதலியோர் சில குரங்குகளின் நரம்பை நசுக்கி மட்டும் விட்டனர். வேறு சிலவற்றில் நடு நரம்பை அறுத்துத் தைத்தனர். நசுக்கிய நரம்பில் உறைக்குழாய்கள் அறுபடுவதில்லை; ஒவ்வோர் இழையும் தன் பழைய குழாய் வழியே வளர்ந்து தன் வீட்டிற்கே போய்ச் சேர்கிறது. அக்குரங்குகளின் மூளை வரைபடம் முன்போலவே ஒழுங்காகத் திரும்பியது. அறுத்துத் தைத்த குரங்குகளிலோ வரைபடம் துண்டு துண்டாகச் சிதறியே திரும்பியது. ஒரே விரலுக்கு மூளையில் பல திட்டுகள். ஒரே திட்டுக்குக் கையில் பல இடங்கள்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூளை தன் வரைபடத்தைத் தானே சீராக எழுத வல்லதாயின், இங்கல்லவா அந்த வல்லமை வெளிப்பட்டிருக்க வேண்டும்? முதிர்ந்த குரங்கின் மூளை, நரம்பு கொண்டுவந்த குழப்பத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது.

மாற்றம் எந்த மாடியில்?

நூலின் விளக்கத்திற்கு எதிரான முதல் தடை இடத்தைப் பற்றியது. விரலில் தொட்ட செய்தி நேரே மூளைப்புறணிக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடம் வழியாக ஏறி, மூளைத்தண்டில் ஓர் இடைநிலையத்தில் வண்டி மாறுகிறது. பின்பு தலாமஸ் என்னும் மற்றோர் இடைநிலையம். அதன் பின்னரே புறணி. மூளைத்தண்டில் கைக்கும் முகத்திற்கும் உரிய நிலையங்கள் மிகச் சிறியவை, அடுத்தடுத்து இருப்பவை. அங்கே ஓர் இழை இம்மியளவு பக்கத்தில் கிளைவிட்டாலும் மேலே புறணியில் அது பெரிய இடமாற்றமாகத் தெரியும்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் நம் நாட்டவர்களே. அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயின் குழுவினர் செய்த ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. தண்டுவடத்தில் உணர்வுப் பாதை துண்டிக்கப்பட்ட குரங்குகளில், நாளடைவில் புறணியின் கைப்பகுதி மோவாயைத் தொட்டால் பதில் தரத் தொடங்கியிருந்தது. ஆய்வாளர்கள் மூளைத்தண்டில் கைக்குரிய இடைநிலையத்தை மட்டும் மரத்துப்போகும் மருந்தால் சற்று நேரம் அடக்கினர். உடனே புறணியில் மோவாயின் பதில் மறைந்தது. ஆக, அந்த மாற்றம் நிகழ்ந்தது கீழ்த்தளத்தில். மேல்மாடியில் நாம் கண்டது அதன் நிழல். நூல் எழுதப்பட்ட 1998-இல் இது தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் இன்று அதைப் படிப்பவர் இதை அறிந்துகொண்டே படிக்க வேண்டும்.

காலி மனையா?

இரண்டாவது தடை இன்னும் வலியது. கைக்குரிய இடம் காலியானது என்பதே உண்மைதானா?

இங்கிலாந்தில் தாமர் மேக்கின் குழுவினர் கையிழந்தவர்களை எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்க வைத்து, இல்லாத விரல்களை அசைக்க முயலச் சொன்னார்கள். கைக்குரிய இடம் பளிச்சென்று விழித்துக்கொண்டது. 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வில், மாயக் கையில் வலி மிகுந்தவர்களிடம் அந்த இடம் சிதையாமல் இருந்ததே தெரியவந்தது. அமெரிக்காவில் 35 ஆண்டுகள் கையில்லாமல் வாழ்ந்த ஒருவருக்கு வேறொருவரின் கையைப் பொருத்தினார்கள். நான்கே மாதங்களில், அந்தக் கையைத் தொட்டால் மூளையின் பழைய கைப்பகுதியே பதில் தந்தது என்று 2008-இல் ஸ்காட் ஃப்ரே குழுவினர் எழுதினர். முப்பத்தைந்து ஆண்டுகளாக யாரோ குடியிருந்த வீடு இத்துணை விரைவில் பழைய உரிமையாளருக்குத் திறந்துவிடுமா?

2025-இல் வெளிவந்த ஆய்வு இந்த ஐயத்தை மேலும் உறுதியாக்கியது. மருத்துவக் காரணங்களுக்காகக் கையை நீக்க வேண்டியிருந்த மூவரை அறுவைக்கு முன்பே படம் எடுத்து வைத்தனர். அறுவைக்குப் பின்னும், ஐந்தாண்டுகள் வரை, அதே மனிதர்களை மீண்டும் படம் எடுத்தனர். விரல்களின் வரைபடம் மாறவில்லை. உதட்டின் இடம் கையின் இடத்திற்குள் நுழையவும் இல்லை.

அப்படியானால் முந்தைய ஆய்வாளர்கள் கண்டதுதான் என்ன? அவர்களுள் பலர், "இந்த இடத்தில் எந்த உறுப்பின் பதில் மிகுதி?" என்று மட்டுமே கேட்டார்கள். தேர்தலில் ஒரு வேட்பாளர் போட்டியிட முடியாமல் போனால், முன்பு சில நூறு வாக்குகளே பெற்றவர்கூட வென்றதாக அறிவிக்கப்படுவார். அதனால் தொகுதி மக்கள் எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று கூற முடியுமா? கைக்குரிய இடத்தில் முகத்தின் மெல்லிய குரல் முன்பும் இருந்தது. கை பேசாதபோது அது கேட்கிறது. மேலும் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் கையிழந்தவரைக் கையுள்ள வேறொருவரோடு ஒப்பிட்டவை. ஒரே மனிதரை முன்னும் பின்னும் பார்த்தவை அல்ல.

கன்னத்தைத் தொட்டால் மாயக் கையில் உணர்வு தோன்றுவது பொய்யென்று இதற்குப் பொருளில்லை. அந்த உணர்வு மெய். ஆனால் சிலருக்கு மூளை வரைபடத்தில் கைக்கு வெகு தொலைவிலுள்ள இடங்களைத் தொட்டாலும், எதிர்ப்புற உடலைத் தொட்டாலும்கூட அது தோன்றுகிறது. அண்டை வீட்டார் குடியேறினார் என்ற ஒரே கதை இவற்றையெல்லாம் விளக்கப் போதாது. 2023-இல் மேக்கினும் ஜான் கிராக்கவரும் எழுதிய ஆய்வுரை, புறணி மறுசீரமைப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்ட புகழ்பெற்ற சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்து இவ்வாறே கேள்வி கேட்டது.

மறுபக்கமும் உண்டு

இனி ஊசலை ஸ்பெரியின் பக்கமே தள்ளிவிட்டு, மூளை மாறவே மாறாது என்று முடிவு கட்டலாமா? அதுவும் பிழையாகும்.

இரு சக்கர வண்டி விபத்துகளில், கழுத்தருகே கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் வேரோடு பிய்ந்துவிடுவதுண்டு. அத்தகையோருக்கு விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் மூச்சு நரம்பை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கிறார்கள். தொடக்கத்தில் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுத்தால்தான் கை மடங்கும். பல மாதப் பயிற்சிக்குப் பின், மூச்சைப் பற்றி எண்ணாமலே கையை மடக்கக் கற்றுக்கொள்கிறார். அப்போது மூளையில் அவ்வசைவை ஆளும் இடமும் மார்புக்குரிய பகுதியிலிருந்து கைக்குரிய பழைய பகுதிக்கு நகர்ந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் காட்டினர். ஸ்பெரியின் எலிகளால் இயலாதது மனிதருக்கு இயன்றது. ஆனால் இங்கே கவனியுங்கள்: வேறோர் உறுப்பு கையின் இடத்தைக் கைப்பற்றவில்லை. கைக்குரிய இடம் தன் கைக்குச் செல்லப் புதிய பாதை ஒன்றைக் கண்டுகொண்டது.

வயதும் ஒரு பெரிய காரணி. கருவிலிருக்கும் குரங்குக்குட்டியின் நரம்பை அறுத்தபோது, இழைகள் தாறுமாறாக வளர்ந்தும் மூளை வரைபடம் ஒழுங்காகவே அமைந்ததென்று 1996-இல் ஷெர்ரே ஃப்ளாரன்ஸ் குழுவினர் கண்டனர். மனிதரிலும், சுமார் 12 வயதுக்கு முன் நரம்பு தைக்கப்பட்டவர்கள், அதற்குப் பின் தைக்கப்பட்டவர்களைவிடக் கையை நன்கு பயன்படுத்துகிறார்கள். சுவீடனில் முப்பது ஆண்டுகளுக்குப் பின் சோதித்துப் பார்த்தபோதும் இந்த வேறுபாடு தெரிந்தது.

கதவு எண் மாறிய தெரு

அப்படியானால் முதிர்ந்த வயதில் நரம்பு தைத்தவர் தேறுவது எப்படி? ஓர் உவமையால் விளக்குவோம். ஒரு தெருவில் கதவு எண்களை எல்லாம் யாரோ இரவோடிரவாக மாற்றி மாட்டிவிட்டார்கள். பழைய தபால்காரர் முதல்நாள் திண்டாடுவார். தெருவை இடித்துக் கட்டுவதோ, எண்களைக் கழற்றி மாட்டுவதோ அவர் வேலையல்ல. ஆனால் வீடு வீடாகக் கேட்டு, "5 என்று போட்டிருப்பது செட்டியார் வீடு, 12 என்று போட்டிருப்பது வாத்தியார் வீடு" என்று மெல்ல மனத்தில் பதித்துக்கொள்வார். சில மாதங்களில் கடிதங்கள் பெரும்பாலும் சரியாகச் சேரும். அவசரத்தில் சில தவறும்.

தைத்த நரம்பு உடையவரின் மூளை செய்வதும் இத்தகைய கற்றலே. இதற்கென்றே உணர்வு மறுபயிற்சி என்ற முறை 1960, 1970-களிலிருந்து வளர்ந்து வந்துள்ளது. நோயாளி ஒரு பொருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தொடுகிறார்; பின்பு கண்ணை மூடிக்கொண்டு அதையே தொட்டு, பார்த்ததோடு ஒப்பிடுகிறார். முதலில் பெரிய கட்டை, சொரசொரப்பான காகிதம். பிறகு சாவி, நாணயம், பொத்தான். சுவீடனின் மால்மோ நகரில் கோரான் லுண்ட்போர்க், பிர்கித்தா ரோசன் ஆகியோர் ஒரு படி முன்னே சென்று, நரம்பு விரலை வந்தடையும் முன்பே பயிற்சியைத் தொடங்கினர். விரல்நுனிகளில் சிறு ஒலிவாங்கிகள் பொருத்திய கையுறையை அணிந்து பொருளை வருடினால், உராயும் ஓசை காதில் கேட்கும். உணர்வில்லாத விரலுக்காகக் காது வேலை செய்கிறது. முன்கையில் மரத்துப்போகும் களிம்பைத் தடவினால் சிறிது நேரம் கையின் உணர்வு கூர்மையாவதையும் இக்குழுவினர் கண்டு, பயிற்சிக்குத் துணையாக்கினர். மூளையின் இணைப்புகளில் ஓரளவு நெகிழ்ச்சி உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

யாருக்கு நட்டம்?

வரைபடம் மாறியது என்றால் என்ன, தபால்காரர் கற்றுக்கொண்டார் என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் கேட்கலாம். நோயாளிக்கு இரண்டும் ஒன்றல்ல. "மூளை தானே சரிசெய்துகொள்ளும்" என்று நம்பியவர் தையல் பிரித்ததும் வீட்டில் காத்திருப்பார். பயிற்சிக்குரிய மாதங்கள் வீணாகும். உணர்வு திரும்பாத விரலை அடுப்பிலும் கத்தியிலும் காத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறந்துவிடுவார். கற்றலே வழி என்று அறிந்தவர், நாள்தோறும் சிறிது நேரம் கண்ணை மூடிப் பொருள்களைத் தொட்டுப் பழகுவார். முழுக் குணம் வராமல் போனாலும் அது தம் மூளையின் குறை என்று மனம் நோகமாட்டார்.

கையிழந்தவருக்கும் இதனால் நன்மை உண்டு. 1995-இல் ஜெர்மனியின் ஹெர்ட்டா ஃப்ளோர் குழுவினர், மாயக் கையின் வலி மிகுந்தவர்களிடம் மூளை வரைபடமும் மிகுதியாக மாறியிருப்பதாக எழுதிய பின், வரைபடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே மருந்து என்று பலர் முயன்றனர். வரைபடம் மாறவேயில்லை என்றால் அந்த முயற்சியின் அடிப்படை ஆட்டம் காண்கிறது. மறுபுறம், கைக்குரிய இடம் பல்லாண்டுகள் அழியாமல் காத்திருக்கிறது என்பது, அதன் கட்டளையைப் பெற்று இயங்கும் செயற்கைக் கைகளைச் செய்வோர்க்குப் பெரிய நற்செய்தி.

முடிவாக

'ஃபேண்டம்ஸ் இன் தி பிரெய்ன்' படிக்க வேண்டிய நூலே. எளிய கருவியால் அரிய கேள்வி கேட்கும் துணிவை அது போல் ஊட்டும் நூல்கள் குறைவு. ஆனால் முகம் கையின் மனையில் குடியேறிய கதையை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூளை மாறுகிறது என்று யார் எழுதினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரே மனிதரை முன்னும் பின்னும் பார்த்தார்களா? மாற்றம் விரலிலிருந்து புறணி வரையுள்ள பாதையில் எங்கே நிகழ்ந்தது? அதனால் அந்த மனிதர் முன்பு இயலாத எதைச் செய்தார்? மூன்றாம் கேள்விக்கு விடை தர எந்தப் படக்கருவியும் வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பையிலிருக்கும் நாணயத்தை அவர் எடுத்துக் கொடுத்தால் போதும்.